இடப்பக்கம் திரும்பினால்

விளம்பரத்தில் ‘ஓடும்’ என்றிருந்தது.
ஓடியதுதான்,
லாரியின் முதுகில், கெமியிலிருந்து வீடு வரை.

அறுபத்து நாலாம் வருடத்து சாப்.
பின்சீட்டுக்கடியில் எலிக்குடித்தனம்.
தரையில் என் கை நுழையும் ஓட்டை,
அதன்வழி பனி தெரிந்தது.

மூன்று குளிர்காலம் துரு சுரண்டினேன்.
கார்புரேட்டரைச்
சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டேன்.
தைஸ்தோ ஒன்றும் சொல்லவில்லை,
தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான்.

மே மாதம் உயிர் வந்தது.
தெருவெல்லாம் நீலப்புகை.
ஒரு கோளாறு மட்டும் மிச்சம்:
இடப்பக்கம் திரும்பினால்
ஹாரன் தானாக அலறும்.
எந்த வயர் எதில் உரசுகிறதோ!

நேற்று அகப்பட்டது,
ஸ்டீயரிங் தண்டுக்குள், தோலுரிந்து.
டேப்பைக் கிழித்தவள்
அப்படியே
என் சட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு இடப்பக்கத் திருப்பம்.
அந்த அலறல் கேட்டுத்தான்
அவன்
காபிக்குத் தண்ணீர் வைக்கிறான்.