கவிழ்த்த கோப்பை

காட்டுமாட்டுத் தோல்
வேட்டைக்கத்தியையே நாலு இழுப்பில் மழுக்கிவிடும்.
பூம்பாறை வளைவில், தூறலில்,
டீக்கடைப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து
அடியில் மெருகு ஏறாத வளையத்தில்
புல்லின் ஈரம் தொட்டுத் தீட்டுகிறேன்.
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு,
பிறகு பெல்ட்டில் ஒரு தேய்ப்பு.
முன்கை மயிர் உதிர்ந்தால் போதும்.

"யாகப்பா, இருட்டுது" என்கிறார் டாக்டர்.

லாரி நொறுக்கிய இடுப்பைத் தாண்டித்
தோள்பட்டையில் இறங்கும்போது
நறுக்கென்றது.
கொழுப்பு மூடிய சைக்கிள் பால்ரஸ்.
எந்த வருஷத்து நாட்டுத்துப்பாக்கியோ,
சுமந்துகொண்டே மேய்ந்திருக்கிறது.

படிவத்தில் சாவுக்கு ஒரே வரி.
லாரி என்று எழுதினார்.

கத்தியின் வாயில் ஒரு பல் போயிருக்கிறது.
அதைத் தீட்டி எடுக்க இந்தக் கோப்பை காணாது.
கடைக்காரர் வேறு
கோப்பைக்குக் காசு கேட்டு நிற்கிறார்.