நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

இரவு பதினொன்றே கால்.
நனைந்த முதுகுப்பையோடு வந்தவளின் பாஸ்போர்ட்டைப்
பேப்பர் வெயிட் வைத்து விரித்துக்கொண்டு
சி ஃபாரம் நிரப்புகிறேன்.
முதல் கட்டம் குடும்பப் பெயர்.
நட்சத்திரக் குறி போட்டது. காலியாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாது.
என்னை நிரப்பச் சொன்னால் நின்றுவிடும்.
எனக்கு முன்னால் இருப்பது ஒரே ஓர் எழுத்து,
அஞ்சாப்புலியின் அ,
அதற்கும் ஒரு புள்ளி வைத்துக் கதவடைத்தது.

அவளுக்கோ இரண்டு.
அப்பா வழி சலீனாஸ். அம்மா வழி உர்ருத்தியா.
தட்டத் தட்டக் கட்டத்தை மீறி வால் நீண்டது.

"அர்த்தம் ஏதும் இருக்கா?" என்றேன்,
ரசீது அச்சாகிற வரை ஏதாவது பேச வேண்டுமே.

கவுன்டர் மேல் உள்ளங்கையால் பாத்தி கட்டினாள்.
தண்ணீர் விட்டாள். மேலே டியூப்லைட்டைக் காட்டினாள், வெயிலாம்.
பிறகு விரலை நாக்கு நுனியில் வைத்தாள்.
உப்பு விளைகிற இடம். ஒன்றல்ல, பல.
கடைசியில் வரும் ஸ் நம்முடைய 'கள்'.
மற்றப் பெயர் பாஸ்க் மலைக்காரர் சொல்,
'தூரத்தில் அந்தப் பக்கம்' என்றாள்.
அக்கரை என்று நான் வைத்துக்கொண்டேன்.

ரசீதின் தலையில் எங்கள் லாட்ஜ் விலாசம்.
உப்பளம், புதுச்சேரி - 1.
ஆட்காட்டி விரலை அதன் மேல் வைத்துச் சொன்னேன்.
புரிய நேரமானது. புரிந்ததும்
மேசை மணியை இரண்டு தரம் அடித்துவிட்டாள்.
மாடியில் யாரோ திட்டினார்கள்.

தூக்கம் போயிற்று இருவருக்கும்.
ரசீதின் முதுகில் படம் போட்டாள்:
ஸ்பெயினின் வடக்கே மலைக்கு நடுவில் ஓர் உப்பு ஊற்று,
அங்கிருந்து கப்பல்.
மெக்சிகோவில் தடுக்கி விழுந்தால் ஒரு சலீனாஸ்.
பெருவில், ஈக்வடாரில்.
பிலிப்பைன்ஸில் ஒரு கவர்னர் பட்டியல் எழுதி
ஊர் ஊராகப் பெயர் விநியோகித்தாராம்,
ரேஷன் மாதிரி.
இவள் சிலே. தால்கா என்னும் ஊரில்
சைக்கிள் பழுது பார்க்கிறாள்.
உப்பு அள்ளியவர் எவரும் அவள் வீட்டில் இல்லை.

காலையில் கூட்டிப் போனேன்.
காட்ட என்ன இருக்கிறது?
ஸ்டேடியம். துறைமுகத்துக்குப் போகும் ரோடு.
உப்பனாறு என்று பெயர் வைத்த சாக்கடை.
எப்போதோ இரண்டு வெள்ளைக்கார ராஜ்ஜியம்
தமக்குள் கையெழுத்துப் போட்டு
காய்ச்சுவதை நிறுத்தினார்கள் என்பார்கள்.
அடுக்கு வீட்டின் பொரிந்த சுவரைத் தொட்டு
நாக்கில் வைத்தாள் மரியேலா சலீனாஸ்.
"சுண்ணாம்பு" என்றேன். இல்லையென்று தலையாட்டினாள்.

"இங்கே யாருக்காவது என் பெயர் உண்டா?"
இல்லை என்றேன்.

வாய்க்கால் பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது.
முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மூன்று வருஷமும்
குழாயடியில் நான் செங்கழனி இல்லை.
உப்பளத்தா.
உப்பளத்தா குடத்தை எடு. உப்பளத்தாளுக்கு வாய் நீளம்.
நாலு கிலோமீட்டர்தான் இருக்கும்.
இங்கேயே கிடப்பவளுக்கு அந்தப் பெயர் கிடையாது.
புறப்பட்டவளுக்குத்தான் ஒட்டும்.
ஒரு பெட்டியும் மிக்ஸியுமாகத் திரும்பி வந்த அன்று
ஆட்டோவிலேயே உதிர்ந்துவிட்டது.

அப்படியென்றால் அவளுடைய முதல் ஆள்
உப்பு ஊரில் இருந்தவன் இல்லை.
கடன்பட்டோ கோபித்துக்கொண்டோ
நாலு மைல் நடந்து போனவன்.
போன இடத்தில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்,
ஏய், உப்பளத்தான்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
அவ்வளவு இங்கிலீஷ் என்னிடம் இல்லை.
மூன்று மணி கடலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து போன்.
"அந்த சிலேக்காரி, விலாசம் உப்பளம்தானேம்மா?"
"ரெண்டு கட்டத்துலயும் அதான் சார்."
"என்னது?"
"ஒண்ணுமில்ல சார். சரிதான்."