குறுஞ்சவாரி

வருகை வாசலில் இரண்டு மணி நாற்பது நிமிடம்.
எஞ்சினை அணைத்துவிட்டு
திறந்த கதவோடு, ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து
ஒவ்வொரு வண்டி நீளமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன்.
டீசல் விலை அப்படி.

எங்கள் லிஸ்பனில் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.
விமானம் தாழும்போது
காம்போ கிராந்தே பெஞ்சில் பேசிக்கொண்டிருப்பவர்கள்
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார்கள்.
அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள்.
என் மனைவி கடைசியாகச் சொன்னதும்
அப்படியொரு வாக்கியம்தான்.
"போகிறேன்" காதில் விழுந்தது.
எங்கே என்பது விழவில்லை.
நான் திரும்பக் கேட்கவுமில்லை.

கீழே மெட்ரோ, சிவப்புத் தடம்.
இயந்திரத்தின் முன் தம்பதிகள் சண்டை போடுவார்கள்,
ஓர் அட்டை இருவருக்குப் போதுமா என்று.
போதாது. ஆளுக்கொன்று வேண்டும்.
நான் சொல்வதில்லை.
சண்டை முற்றினால் மேலே வருவார்கள், என்னிடம்.

இரவு ஒன்றே கால். என் முறை.
பழுப்பு டேப் சுற்றிய ஒற்றைப் பெட்டி,
மஞ்சள் கோட்டு, ஐம்பது வயதிருக்கும்.
"வெல்கம் டு லிஸ்பன்" என்றேன்.
"ப்ரியோர் வெல்யு" என்றாள்,
என்னைவிடச் சுத்தமான லிஸ்பன் உச்சரிப்பில்.

ப்ரியோர் வெல்யு!
ஓடுபாதை வேலிக்கு அந்தப் பக்கம்.
காறித் துப்பினால் போய் விழும் தூரம்.
இலவு காத்த கிளிக்குப் பஞ்சாவது மிஞ்சியது.
டிக்கியை அறைந்து சாத்தினேன்.

"இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்" என்றாள்.
"பதினோரு வருஷமாக உங்கள் வரிசையைத் தாண்டித்தான்
வேலைக்கு நடக்கிறேன்.
இரண்டாம் தளத்துக் கழிப்பறைகள் என்னுடையவை.
குறுஞ்சவாரி ஏறியவன் எப்படிச் சாத்துவான்,
சின்த்ராவுக்குப் போகிறவன் எப்படிச் சாத்துவான்,
எல்லாம் தெரியும்."

ப்ராயாவில் தங்கை கல்யாணம், நாலு நாள்.
முதல் விமானப் பயணம்.
"கண்ணாடிக் கதவு திறந்தது.
கம்பிக்கு அப்பால் பெயர்ப் பலகைகளோடு ஆட்கள்.
என் பெயர் இருக்காது, தெரியும்.
ஆனாலும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. முதல் வட்டச்சாலை.
"ஆற்றங்கரை வழியாகப் போங்கள்."
"அது சுற்று, அம்மா."
"ஊருக்குப் புதியவர்களை அப்படித்தானே கூட்டிப்போகிறீர்கள்?"

மீட்டரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.
திருப்பினேன்.

தேஜோ கறுப்பாகக் கிடந்தது.
சாந்தா அப்பொலோனியா, மூடிய மீன் கிடங்குகள்,
பிறகு அந்தப் பெரிய சதுக்கம், மழை ஈரத்தில்.
பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது:
"குதிரைமேல் இருக்கும் ராஜாவுக்கு நீந்தத் தெரியாது.
அதனால்தான் ஆற்றைப் பார்த்தபடியே நிற்கிறார்."
"பொய்."
"ஆமாம். ஜெர்மன்காரர்கள் எழுதிக்கொள்வார்கள்."
பெட்டி குலுங்கச் சிரித்தாள்.

விடியலில் இங்கே ஒரு வங்கியையும் துடைக்கிறாளாம்.
இந்தச் சதுக்கத்தை உள்ளேயிருந்து,
சோப்பு நுரை வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.
இறங்கினாள். படித்துறை வரை நடந்தாள்.
ஒன்றும் செய்யவில்லை, நின்றாள்.
மீட்டரை நிறுத்தலாமா என்று யோசித்தேன்.
யோசித்து முடிக்குமுன் வந்துவிட்டாள்.

ப்ரியோர் வெல்யு. இருபத்தேழு யூரோ நாற்பது.
சில்லறை வரை எண்ணிக் கொடுத்தாள்.
"ரசீது வேண்டும். பெயரோடு."
"யார் பெயர்?"
"வந்தவள் பெயர்."

ஸுல்மிரா தவாரெஸ்.
பெரிய எழுத்தில் எழுதினேன்,
ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டாம் வரிக்கு இறங்கியது.
அவள் அதைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்து
தெருவிளக்கில் வாசித்தாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி,
"பாருங்கள், இரண்டாம் தளத்தில்..." என்றாள்.
தலைக்குமேல் தாமதமான ஏதோ ஒரு விமானம்.
கூரைத் தகடுகள் அதிர்ந்தன.
கியரில் கை வைத்தவன் எடுத்துவிட்டேன்.
அது தரை தொட்டு, உறுமி, அடங்கும்வரை
இருவரும் அப்படியே இருந்தோம்.

"...கடைக்கோடியில் இருப்பதற்குப் போங்கள்.
அதுதான் சுத்தம். யாருக்கும் தெரியாது."