இடது காலுக்கு ஒரு வேலை

பன்னிரண்டு வருசம் கிளச் மிதித்த கால் இது.
ஹபரணைக் காட்டில் யானைக்கு ஒதுங்கிய இரவுகளில்
ஐஸ் லொறியை ஏற்றத்தில்
அரைக் கிளச்சில் பிடித்து நின்ற கால்.
போன தையில் ஓட்டோ கியர் பிக்அப் வாங்கினேன்.
அன்றிலிருந்து பென்சன் எடுத்தவரைப் போலக்
கதவோரம் சாய்ந்து கிடக்கிறது.
முதல் கிழமை,
இல்லாத கிளச்சைத் தேடி பிரேக்கை உதைத்து
கொட்பே மீன்வாடி வாசலில்
ஐந்து பெட்டி சூரையைத் தார்ரோட்டில் கொட்டியது.

"ஓட்டோவா அக்கா? அது டொக்டர்மாருக்கு" என்றான் இர்ஷாத்.
அவனுக்கு ஐந்து கியர், ஆறாவதாக வாய்.

ஞாயிறு. உப்பளத்துக்கு அப்பால் பழைய ஓடுபாதை.
நானூறு மீற்றருக்குச் சுண்ணாம்புக் கோடு.
பெயர் பதிகிற பையன் கேட்டான்:
"செபரூபி எண்டிருக்கு, ஓடுறது ஆர்?"
பேனையைத் திருப்பி அவன் கையில் வைத்தேன்.

பின் டயரில் காற்றை இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.
ஏசியை நிறுத்தினேன், ஓவர்டிரைவை நிறுத்தினேன்.
வெறும் பெட்டி துள்ளும்,
சக்கரம் சுழலும், புகை போகும், வண்டி போகாது.
அதனால் பின் அச்சுக்கு நேர் மேலே
சாக்குச் சுற்றிய நாலு ஐஸ்கட்டி.
மண்மூட்டையும் வைக்கலாம்.
மண் என்னிடம் இல்லை.

நியூட்ரலில் உறுமவிட்டு டிரைவுக்குத் தட்டுகிற ஆட்கள் உண்டு.
அப்படித் தட்டிய ஒருவனின் கியர்பெட்டி
பாலையூற்றுக் கராஜில், விரித்த பேப்பரில்
பல்லுப் பல்லாய்க் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இடது காலே, இனி உன் பாடு.
பிரேக்கில் ஏறு. முழுப் பாரமும் வை.
வலது கால் மெல்ல அழுத்தட்டும்:
ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து எண்ணூறு.
உள்ளே எதிரெதிராய் இரண்டு விசிறி,
நடுவில் சிவப்பு எண்ணெய்.
ஒன்று சுழல, மற்றது சுழலத் துடிக்கும்,
தொட்டுக்கொள்வதே இல்லை.
முழு வண்டிக்கும்
தும்மலுக்கு முந்திய முகம்.
இரண்டு செக்கன், மிஞ்சினால் மூன்று.
அதற்கு மேல் எண்ணெய் கருகும்.

கொடி உயர்ந்தது. ஏறினாய்.
கொடி உயர்ந்தபடியே நின்றது.
தூரத்தில் இரண்டு எருமை
கச்சேரிக்குப் பிந்திவரும் கிளார்க்மாரைப் போலக்
கோட்டைக் கடந்துகொண்டிருந்தன.
நாலு செக்கன்.
வலது காலை எடுத்தேன்.
இர்ஷாத் உறுமிக்கொண்டே இருந்தான்.
வெயில் பெட்டிக்குள் இறங்கியது.
கண்ணாடியில் பார்த்தால், ஐஸ் உருகி
பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறது.

யாரைத் திட்ட? வைத்தவள் நான்.
ஈரத்தில் எண்ணூறு கூடாது.
ஆயிரத்து முந்நூறு போதும், காலே,
கொஞ்சம் வெட்கத்தோடு கிளம்புவோம்.

எருமை போயிற்று.
கொடியைப் பார்க்காதே, கொடிக்காரனின் தோளைப் பார்.
கைக்கு முன்னால் தோள் முடிவெடுக்கும்.

தோள்.

விடு.
உதறாதே. இழுக்காதே. சும்மா விடு.

பாயவில்லை; போனது.
கிறீச்சென்ற சத்தம்கூட இல்லை.
வயிறு மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது.
பக்கக் கண்ணாடிக்குள் இர்ஷாத்,
தன் புகையில் தானே குளித்துக்கொண்டு.
இருபது மீற்றர், முப்பது, அறுபது,
முன்னால் உப்பு வெளிச்சத்தைத் தவிர ஒருவரும் இல்லை.

மூன்றாம் கியரில் பக்கத்தில் வந்தான்.
முந்நூறில் கையை அசைத்துக்கொண்டு கடந்தான்.
அவன்தான் வென்றான். அப்படித்தான் எழுதினார்கள்.
எண்ணெய்க் கோலை இழுத்து முகர்ந்தேன்:
சிவப்பு. கருகல் மணமில்லை.

பின்னேரம் உப்புவெளி ஹோட்டலுக்கு ஐஸ் இறக்கினேன்.
நாலு கட்டிக்கு மூன்றின் காசு தந்தார்கள்.
திரும்பி வர, ரயில் கடவை பூட்டியிருந்தது.
சொல்லாமலே இடது கால்
பிரேக்கில் ஏறி நின்றது.
இறங்கு என்றேன்.
ரயில் போகட்டும் என்றது.