சுட்டுவிரலுக்கு ஒரு சட்டை

குருநகரில் பங்குனி வெயில்.
ஃபேன் சுடுகாற்றையே திருப்பித் திருப்பித் தருகுது.
மடியில் எங்கோ குளிரில் பிறக்கப்போகும் பிள்ளையின் ஸ்வெட்டர்,
கழுத்து முடிந்து,
ஒரு கை இன்னும் இல்லாமல்.

ஊசிமுனையை ஒவ்வொரு கண்ணுக்கும்
பின்னால் தள்ளிவிடுவது இடது சுட்டுவிரல்.
ஒரு வரிசைக்குத் தொண்ணூற்றாறு தள்ளு.
நான் கணக்கு வாத்தியாரின் மகள்,
என்றாலும் ஒரு நாளைக்கு எத்தனை என்று
பெருக்கிப் பார்ப்பதில்லை.

முதல் கிழமை சிவந்தது.
இரண்டாம் கிழமை
மீனுக்குத் தூள் பிரட்டும்போது
தன்பாட்டில் கத்தியது.

பிளாஸ்டர் ஒட்டினேன்.
வேர்வையில் கழன்று நூலோடு போய்
தோள்மூட்டுக்குள் பின்னுப்பட்டது.
தேங்காயெண்ணெய் தடவினேன்.
வெள்ளை நூலில் மஞ்சளாய் ஒரு நிழல்.
வேலை வாங்குகிற நிரோசினி
அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் ஒருபக்கமாக வைத்தா.
அந்தப் பக்கத்துக்குக் காசில்லை.

கொரோனாக் காலத்தில் வாங்கின கையுறை மிச்சமிருந்தது.
ஒரு விரலை மட்டும் வெட்டிப் போட்டேன்.
அரைமணித்தியாலத்தில் உள்ளுக்குள்ளே
ஒரு சின்னக் கடல்.

பேந்தொருநாள் பாண் வாங்கி வரும்போது
சகாயராசா வலை பொத்திக்கொண்டிருந்தான்.
நைலோன் இழுபடுகிற இடத்தில்
அவன் விரலில் கறுப்பு வளையம்.
சைக்கிள் டியூப்!
நின்று கேட்கவில்லை.
ஆறாம் வகுப்பில் என் சடையைக்
கதிரையோடு கட்டினவன். கதை நீளும்.

மகனின் பழைய டியூப்பில்
ஒட்டுப் போட்ட இடம் தவிர்த்து
இரண்டங்குலம் வெட்டிச்
சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
கறுப்பு வெள்ளையில் பட்டால்
அதுவும் ஒருபக்கமாகப் போய்விடும்.
மிச்ச நூலில் பதினான்கு கண் போட்டு
மேலுக்கொரு சட்டை பின்னினேன்.
கை இல்லை, கழுத்தில்லை, பொத்தானில்லை.
அளவுத்துண்டில் மாதம் எழுதத் தேவையில்லை.

அன்றிரவு போன்
தேய்ந்த ரேகையைப் பார்த்து
மூன்று தரம் என்னை மறுத்தது.
தவக்காலம்தான்.
சேவலொன்றும் கூவவில்லை,
பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார்தான்.
உள்ளே நிரோசினியின் மெசேஜ் இருக்கும்:
அக்கா, இன்னும் இருபது ஏலுமோ?

இலக்கம் அடித்தும் திறக்கலாம்.
அவசரப்படவில்லை.
வேர்த்து நனைந்த அந்தச் சட்டையைக் கழற்றிப்
பிழிந்து,
மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கிளிப் போட்டுக் கொடியில் விட்டேன்.

விடியக் காய்ந்துவிடும்.
விரலுக்குத்தான்
இன்னும் ரெண்டு நாள் வேணும்.