மி.மீ.

கேஸ் வண்டி சோணைமுத்துவுக்குச்
செல்லூரில் ஏழு மொட்டைமாடிகள்.
ஒன்றுகூட அவருக்குச் சொந்தமில்லை.

சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு
"ஒரு நிமிசங்க" என்று மேலே போவார்.
காயும் சேலைகளுக்குக் குனிந்து
டிஷ்ஷுக்கு விலகி
மேல்பாதியை அறுத்துப் புனலாய்க் கவிழ்த்த
தண்ணீர் பாட்டிலின் முன் குத்தவைத்து
ஒட்டிய பள்ளிக்கூட ஸ்கேலுக்கு நேராகக்
கண்ணைக் கொண்டுபோவார்.

பிறகு என் இஸ்திரி வண்டிக்குப் பின்னால்
கரண்ட் பெட்டியின் தகரக் கதவில்
சாக்பீஸால்:
மீனாம்பாள்புரம் 31. கண்மாய்க்கரை 40.
அகிம்சாபுரம் 12.

ஆற்றுக்கு அங்கிட்டு ஊர் காய்ந்து கிடக்க
இங்கிட்டு மட்டும் கொட்டித் தீர்த்த ராத்திரி.
மறுநாள் செய்தியில் மதுரைக்கு மழை இல்லை.
தெருவில் போட்ட பாவு நனைந்துபோன குப்புராமன்
தகரக் கதவை போட்டோ எடுத்துக்கொண்டு
எந்த ஆபீசுக்கோ போனார்.
என்ன ஆனதென்று தெரியாது.
அதற்கப்புறம் பந்தல்காரர்,
அப்பளம் காயப்போடும் ஜெய்லானி பீவி,
எல்லாரும் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவது.
நேற்று பெய்ததை வைத்து இன்று என்ன செய்ய?
கேட்டால் சிரிப்பார்கள்.
நம் தெரு மழை நம் தெருப் பேரில் இருப்பதில்
ஒரு இது.

சித்திரையில் தினமும் ஏழு பூஜ்யம்.
"இதுக்கு எதுக்குண்ணே சாக்பீஸு?"
"பெய்யலங்கிறதையும்
ஒருத்தன் பாத்துட்டுத்தானம்மா சொல்லணும்."

வைகாசியில் படியில் சறுக்கிக்
கணுக்கால் விட்டுவிட்டது அவருக்கு.
மூன்று நாள் கதவு காலி.
"என்ன, மழை ஒண்ணும் இல்லையா?"
கேட்டவர்கள் எல்லாம்
மண்டை பிளக்கும் வெயிலில் நின்றுதான் கேட்டார்கள்.

நாலாம் நாள்
நைட் டூட்டி முடிந்து வந்த நர்ஸ் ரெஜினா
தன் மாடிக் கணக்கை எழுதிவிட்டு
சாக்பீஸ் கையோடு யூனிபாரத்தை நீட்டினாள்.
மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து,
ஐந்தும் வேறு வேறு கையெழுத்து.
பாக்கி ஒன்று, என் வண்டிக்கு எதிர் வீடு.
பதினாறு வருசம் கீழே நின்றே
துணி வாங்கிய வீட்டின் உச்சிக்கு
அன்றைக்குத்தான் ஏறினேன்.

கரி அப்பிய விரலால் எழுதினேன்:
அகிம்சாபுரம் 0.
பாட்டிலுக்குள் ஒரு கட்டெறும்பு. உயிரோடு.

யார் சொன்னார்களோ,
சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
"எறும்ப வெளிய விட்டியாம்மா?"