பதினாறடிக்கு ஏழடி

காரேஜ் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி
பதினாறடிக்கு ஏழடி
ஒரு ட்ரெய்லர் வரைந்திருக்கிறேன்.
சுவர் இல்லை. கூரை இல்லை. சக்கரமும் இல்லை.
வெர்லின் காபிக் கோப்பையோடு
நேரே சுவருக்குள் நடந்து வந்தான்.
"கதவு அந்தப் பக்கம்" என்றேன்.
திரும்பிப் போய்
இல்லாத கதவைத் திறந்து
பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.
இதற்காகத்தான் அவன் என் கூட்டாளி.

போன ஜனவரி வரை திறந்த வண்டிதான்.
ஃபார்கோ காற்றுக்குக் கூச்சநாச்சம் கிடையாது.
பீட்ரூட் லாரிகளைக் கழுவப் போன இடத்தில்
பம்பின் பித்தளைத் தலை
கொட்டை உடைகிற சத்தத்தோடு பிளந்தது.
ஹோஸை வளைக்கப் பார்த்தான் வெர்லின்.
அது ஈட்டியாக விறைத்து நின்றது.
தோளில் சாய்த்தபடி வீடு திரும்பினோம்,
தோற்ற படையில் மிச்சமான இரண்டு பேர்.

வங்கியில் திருமதி ஊஸ்ட்பி
"மூடிய வண்டியா? படம் இருக்கிறதா?" என்று கேட்டார்.
அதற்காகத்தான் இந்த டேப்.

முதலில் தொட்டி.
முந்நூற்று இருபத்தைந்து காலன்,
இரண்டாயிரத்து எழுநூறு பவுண்டு.
அது உட்காருகிற இடம் முடிவானால்தான்
மற்றவர்களுக்கு நாற்காலி.
பின்னால் தள்ளினால்
நெடுஞ்சாலையில் வண்டி நாய்வாலாக ஆடும்.
முன்னால் தள்ளினால் பிக்கப்பின் இடுப்பு ஒடியும்.
அச்சுக்கு மேலே, ஒரு சாண் முன்னே.
நிறைந்த தொட்டியைப் பற்றிக் கவலை இல்லை,
அது தளும்பாது.
பாதித் தொட்டிதான் பொல்லாதது.
பிரேக்கை மிதித்த பிறகும்
உள்ளே தண்ணீர்
போய்க்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரியும் அது.
சர்க்கரை ஆலை எங்களை அனுப்பிவிட்ட பின்னும்
ஆறு வாரம்
விடிகாலை நாலு மணிக்கு எழுந்து
சாப்பாட்டுப் பெட்டி கட்டினேன்.

"தடுப்புத் தகடு வைத்த தொட்டி
எண்பது டாலர் அதிகம்."
"வாங்கிவிடு மார்லிஸ்."

ஹோஸ் சுருள் பின்கதவோரம்.
சோப்பு டிரம் அதன் எதிரே.
உறையாமலிருக்க ஒரு சின்ன ஹீட்டர்.
அங்கிகள் மாட்ட ஆறு கொக்கி
(நாலு போதும் என்றான்,
ஆறு வரைந்தேன்).
இதுவரை சண்டை இல்லை.

எஞ்சினில் வந்தது.
"பின்கதவைத் திறந்து வைத்தால் போதாதா?
கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகும்."
நான் பேசவில்லை.
அலமாரியிலிருந்து நாஸில் பெட்டியை எடுத்து
அவன் கையில் வைத்தேன்.
சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு.
மூடியின் உள்பக்கம் மார்க்கர் எழுத்து:
ஆர்லோ கிட்டல்சன், வாபெட்டன்.
அவனும் பின்கதவைத் திறந்துதான் வைத்திருந்தான்.
காற்று திசை மாறி அதைச் சாத்திவிட்டது.
அந்தப் புகைக்கு வாசனை இல்லை.
எஞ்சின் பெட்ரோல் தீரும்வரை ஓடியிருக்கிறது.
இந்தப் பெட்டியை அவன் மனைவி
பதினைந்து டாலருக்குக் கொடுத்தாள்,
பேரம் பேசாமல் வாங்கினேன்.

வெர்லின் மூடியை மூடினான்.
ஏணியைக் கொண்டுவந்து
தானே பிடித்துக்கொண்டான்.

தரையில் வரைய முடியாத ஒன்று அது.
ஏறி, காரேஜின் உட்கூரையில்
எஞ்சினுக்கு நேர் மேலே
டேப்பால் ஒரு வட்டம் ஒட்டினேன்.
"இன்னும் கொஞ்சம் இடது" என்றான் கீழிருந்து.
"பெரிதாகவே போடு."

இரவு பத்து மணிக்கு
விளக்கை அணைக்க வந்தேன்.
சுவிட்ச் எதிர்ச் சுவரில்.
நேரே நடந்தால் எட்டு அடி.
சுற்றிக்கொண்டு போய்
பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.
தொட்டி இருக்க வேண்டிய இடத்தில்
அவன் விட்டுப்போன கோப்பை.
பாதி காபி.
எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன்,
அசையவில்லை.
உறைந்திருந்தது.